செருப்பை எடுக்கும் முன் போனை எடுங்க

மக்களே, ஒரு சிம்பிள் கேள்வி. ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் பாத்ரூம் சுவர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?

நம்ம காலேஜ்ல இதுக்கு மூணு விதமான பதில்தான் பார்த்திருக்கேன். ஒண்ணு, கத்திட்டு ஓடுறது. ரெண்டு, செருப்பு. மூணு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "இது என்னடா?"ன்னு கேட்கிறது. இதுல மூணாவது ஆள்தான் என் கட்சி. ஆனா அந்த மூணாவது வேலையையும் நாம பாதியிலேயே விட்டுடறோம் என்பதுதான் என் வருத்தம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு சிலந்தியை என்ன செய்யலாம் என்று முடிவு எடுக்கும் முன்னால் அது என்ன சிலந்தி என்று தெரியணும். அது தெரியணும்னா, அதை எங்கே, எப்போ பார்த்தோம் என்பதைச் சரியாகக் குறிச்சு வைக்கணும். இதுக்கு ஜுவாலஜி டிகிரி தேவையில்லை. ஒழுங்கா ரீடிங் எடுக்கிற பழக்கம் போதும். நாலு வருஷமா லேப்ல அதைத்தானே பண்ணிட்டிருக்கோம்?

குரூப்ல வந்த ஆறு போட்டோ

நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னா கொல்லிமலை தெரியும். காரவள்ளி பக்கமா 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா செம்மேடு. இந்த செமஸ்டர்ல எங்க பேட்ச் அங்க ட்ரிப் போனப்போ, மிளகுக் கொடி படர்ந்திருந்த ஒரு சில்வர் ஓக் மரத்துல பெரிய சிலந்தி ஒண்ணைப் பசங்க பார்த்தாங்க. நான் பின்னாடி வந்த வண்டியில இருந்தேன். எனக்கு வந்து சேர்ந்தது குரூப்ல போட்ட ஆறு போட்டோ மட்டும்தான். ஆறும் மேல இருந்து எடுத்தது, ஆறும் ஆட்டம், எதிலேயும் அளவு தெரியல.

அதுக்குள்ள குரூப்ல தீர்ப்பு வந்தாச்சு. ஒருத்தன் 'டேரன்டுலா' என்றான். இன்னொருத்தன் கூகுள் லென்ஸ்ல போட்டுப் பார்த்து 'பிரேசிலியன் வாண்டரிங் ஸ்பைடர், கடிச்சா ஆள் காலி' என்றான். அந்தச் சிலந்தி வாழ்றது தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும். அது எப்படி நாமக்கல் மாவட்டத்துக்குப் பஸ் ஏறி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே லென்ஸைத் திட்டி பிரயோஜனம் இல்லை. அது படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்க்குது, அவ்வளவுதான். நெட்ல அதிகமாக இருக்கிற படங்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா சிலந்திகளோடது. நம்ம ஊர்ச் சிலந்திகளுக்குப் படமே கம்மி. ட்ரெய்னிங் டேட்டாவில் இல்லாத ஒண்ணை எந்த மாடலும் சரியாகச் சொல்லாது என்பதை ஏ.ஐ. எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி வகைகள் 50 ஆயிரத்துக்கு மேல். இந்தியாவில் மட்டும் 1,800-க்கு மேல். நம்ம மனசுல இருக்கிறதோ ரெண்டே வகை: சின்ன எட்டுக்கால் பூச்சி, பெரிய எட்டுக்கால் பூச்சி.

நாம பயப்படுறது யாரைப் பார்த்து?

பாத்ரூம் சுவர்ல தட்டையா ஒட்டிக்கிட்டு, கால்களை நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிச்சு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. அது வலை கட்டிப் பிடிக்காது, ஓடிப் போய் வேட்டையாடும். அதோட மெனுவில் முக்கியமான ஐட்டம் கரப்பான். சில நேரம் வயித்துக்கு அடியில் வெள்ளையா, வட்டமா, மாத்திரை மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டுத் திரியும். அது விஷப்பை இல்லை, முட்டைப்பை. நீங்க ஓங்குற செருப்புக்குக் கீழே இருப்பது ஒரு அம்மா.

மலைத் தோட்டங்களில் ரெண்டு மரத்துக்கு நடுவுல பெரிய வலை கட்டி, வெயில்ல தங்க நிறமா மின்னும் நூலோட உட்கார்ந்திருப்பது பெரிய மரச் சிலந்தி, நெபிலா. பெண் சிலந்தியின் உடம்பு மட்டுமே 5 சென்டிமீட்டர் வரை வரும். அதே வலை ஓரத்தில் பட்டாணி அளவுகூட இல்லாம ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா குட்டின்னு நினைக்காதீங்க, அது பெரும்பாலும் ஆண் சிலந்தி. செடிகளுக்கு நடுவே வலையில் எக்ஸ் மாதிரி வெள்ளைக் கோடு போட்டு வைப்பது ஆர்ஜியோப். கையெழுத்துச் சிலந்தி என்றும் சொல்வாங்க. இவையெல்லாம் நம்மகிட்ட இருந்து தப்பிச்சா போதும் என்று இருக்கிற ஜீவன்கள்.

பயம் எங்கிருந்து வருதுன்னு ஒரு உதாரணம். 1999-இல் ஒரு ஈமெயில் ஃபார்வர்ட் உலகம் முழுக்கச் சுற்றியது. டாய்லெட் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிலந்தி கடித்து அமெரிக்காவில் பெண்கள் இறந்துபோனார்கள் என்று கதை. அதில் சொன்ன சிலந்தி, டாக்டர், எல்லாமே கற்பனை. சில வருஷம் கழிச்சு அதே கதையில் சிலந்தியின் பெயரை மட்டும் மாத்தி, ஒரு நிஜச் சிலந்தியின் படத்தையும் சேர்த்து மறுபடி விட்டாங்க. அந்த நிஜச் சிலந்தி டெலமோனியா டிமிடியேட்டா. நம்ம நாட்டிலேயே செடி இலைகளில் குதிச்சுக் குதிச்சு விளையாடுற, நகத்து அளவு இருக்கிற அப்பாவி. மனுஷனைக் கொன்னதா அது மேல ஒரு கேஸும் கிடையாது. போட்டோ நிஜம், பெயர் நிஜம், கதை மட்டும் பொய். இன்னிக்கும் அது குடும்ப குரூப்களில் சுத்திட்டிருக்கு.

தப்பான பெயரால் வரும் ஆபத்து

"சரி, பெயர் தெரியாட்டி என்ன குடி முழுகிடும்?" என்று கேட்பீங்க. சில நேரம் நிஜமாகவே முழுகும்.

மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் கழுத்துலயோ கையிலயோ கோடு போட்ட மாதிரி சிவந்து, எரிஞ்சு, கொப்புளம் வந்தா நாம சொல்றது "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்ஞ்சிடுச்சு." ஹாஸ்டல்ல இதுக்கு முக்கியக் காரணம் வேற ஒண்ணு. பெடரஸ் என்கிற சின்ன வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், பார்க்க எறும்பு மாதிரி. அது கடிக்காது, கொட்டாது. ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வரும், நம்ம மேல உட்காரும், நாம தூக்கத்தில் தேய்ச்சு நசுக்குவோம். அதன் உடம்புத் திரவம் தோலில் பட்டால்தான் எரிச்சல், அதுவும் ஒரு நாள் கழிச்சு. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் 100 மாணவர்கள் அளவில் இதனால் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இதுக்குத் தீர்வு ராத்திரியில் ஜன்னல் பக்க லைட்டை அணைக்கிறது, கொசுவலை போடறது, மேல உட்கார்ந்தா நசுக்காம ஊதி விடறது, பட்ட இடத்தை சோப்பு போட்டுக் கழுவறது. சுவர்ல இருக்கிற சிலந்தியை அடிச்சா இந்தக் கொப்புளம் ஒண்ணுகூடக் குறையாது. குற்றவாளி ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கு.

இதைவிட சீரியஸான கதை அஸ்ஸாமில் நடந்தது. 2012-இல் சதியா என்ற ஊரில் பெரிய சிலந்திகள் கூட்டமாக வந்து பலரைக் கடித்ததாகவும், இரண்டு பேர் இறந்ததாகவும் செய்திகள் வந்தன. பிரேதப் பரிசோதனை நடக்கும் முன்பே உடல்கள் எரிக்கப்பட்டன. கடிபட்டவர்களுக்கு உள்ளூர் வைத்தியர்கள் பிளேடால் கீறி ரத்தம் எடுத்ததாகவும் அதே செய்திகள் சொன்னன. கொன்றது சிலந்தியா, பிளேடா? அதுக்கு இனிமே யாரும் பதில் சொல்ல முடியாது.

அதனால ஒரு விஷயத்தைத் தெளிவா எழுதிடறேன். எந்தக் கடியாக இருந்தாலும் கீறாதீங்க, கட்டாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கடிச்ச ஜீவனின் போட்டோ இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க.

1899-இல் லண்டனில் பெயர் வைத்தது

இனி மரத்தில் வாழும் டேரன்டுலாவுக்கு வருவோம். நம்ம ஏரியாவில் நிஜமாகவே அபூர்வமான சிலந்தின்னா அதுதான். போசிலோதீரியா என்பது அதன் பேரினம். உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது உண்டு. பழைய மரங்களின் பொந்திலும், பட்டை இடுக்கிலும் வாழும். ராத்திரியில் வெளியே வரும். உடம்பு முழுக்க சாம்பல், வெள்ளை, கறுப்பு கலந்த மரப்பட்டை டிசைன். பகலில் பக்கத்தில் நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது.

1899-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆர்.ஐ. போகாக் என்பவர் இந்த இனத்தில் பல சிலந்திகளுக்குப் பெயர் வைத்தார். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட உடல்களைப் பார்த்துத்தான் வைத்தார். அதில் ஒன்று போசிலோதீரியா ரெகாலிஸ், கிடைத்த இடம் நம்ம அரக்கோணம். இன்னொன்று போசிலோதீரியா ஃபார்மோசா, கிடைத்த இடம் சேலம் பக்கத்துக் காடையாம்பட்டி. உலகச் சந்தையில் இதுக்கு 'சேலம் ஆர்னமென்டல்' என்றே பெயர். ஆமா, சந்தைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டேரன்டுலாவைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது பெரிய ஹாபி. அங்கே ஒரு ஸ்கூல் பையனுக்குச் சேலம் என்றால் சிலந்தி ஞாபகம் வரும். சேலத்துக்காரன் ஒருத்தனைக் கேட்டால் மாம்பழம் என்பான்.

மூணாவது சிலந்தியின் கதைதான் என் பாயிண்ட்டுக்கு ரொம்ப முக்கியம். போசிலோதீரியா மெட்டாலிகா, உலோகம் மாதிரி மின்னும் நீல நிறம். 1899-இல் கிடைத்தது ஒரே ஒரு சிலந்தி. பதிவான இடம் ஆந்திராவில் குத்தி ரயில் நிலையத்தின் மரக் கிடங்கு. அதுக்கப்புறம் நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் மறுபடி கிடைத்தது, ஆனா குத்தியில் இல்லை. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். அப்போ குத்தியில் கிடைத்தது எப்படி? மர லோடோட ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய கணிப்பு. இன்று அது வாழும் காட்டின் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலில் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. பெயர் சரி, படம் சரி, இடம் மட்டும் தவறு. ஒரு உயிரினம் காணாமல் போக அது போதும். ஸ்பைடர் போட்டோவில் லொகேஷன் இல்லைன்னா அது யூனிட் போடாத ரீடிங். லேப்ல அதுக்கு மார்க் தருவாங்களா?

மரம் போனால் பட்டியலும் போகும்

ராமேஸ்வரத்தில் இன்னொரு சிலந்தி இருக்கு. அங்குள்ள அனுமவிலாசம் கோயில் பக்கம் கிடைத்ததால் 2004-இல் போசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார்கள். அதுவும் அழிவின் விளிம்பில்தான். அது வாழ்வது பெரிய காட்டில் இல்லை, ஊரை ஒட்டிய தோப்புகளில். வீடு கட்ட, ரிசார்ட் கட்ட முதலில் வெட்டப்படுவது அந்த மாதிரி தோப்புகள்தான்.

நம்ம பக்கமும் அதேதான். நாலு வழிச் சாலைக்காக எத்தனை பழைய புளிய மரம் போனது என்று இந்த ரூட்ல பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் தெரியும். கொல்லிமலையில் வயசான பலா மரம் விழுந்த இடத்தில் சீக்கிரம் வளரும் சில்வர் ஓக் வருது. பொந்து உள்ள மரம் ஒரு நாளில் உருவாகாது. ஒரு ப்ராஜெக்ட் வரும்போது அந்த இடத்தில் என்னென்ன உயிரினம் இருக்கு என்று ரிப்போர்ட் எழுதுவாங்க. ஏற்கனவே பதிவான விவரம் இருந்தால்தான் அதைக் காட்டி யாராவது கேள்வி கேட்க முடியும். பதிவே இல்லாத சிலந்திக்கு அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட கிடைக்காது. அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு எழுதப் போறவங்க யார்? சிவில் படிச்ச நம்ம ஃப்ரெண்ட்ஸ்தான்.

ஆனா எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க் கேள்வி இருக்கு. "இடத்தைச் சரியாகப் பதிவு பண்ணினா, அதைப் பார்த்துத் திருடன் வர மாட்டானா?" வருவான். அபூர்வமான சிலந்தியை எங்கே பார்த்தோம் என்று மேப் போட்டு ரீல்ஸ் விடுவது, பீரோ சாவியை வாசலில் தொங்கவிடுவது மாதிரி. 2019-இல் இந்த போசிலோதீரியா இனம் முழுவதையும் 'சைட்ஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் சேர்த்தார்கள். உரிய அனுமதி ஆவணம் இல்லாமல் நாடு தாண்ட முடியாது என்று அர்த்தம். கடத்தல் பயம் கற்பனை இல்லை என்பதால்தானே அந்தப் பட்டியல்?

அதனால என் நிலைப்பாடு: பதிவு துல்லியமா இருக்கணும், வெளியே தெரிவது மங்கலா இருக்கணும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவச ஆப் இதைத்தான் செய்யுது. நீங்க போடும் சரியான இடம் அதுக்குள்ளே பத்திரமா இருக்கும். ஆபத்தில் உள்ள இனமாக இருந்தால் பொதுவில் காட்டும்போது சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும். மத்த இனங்களுக்கும் நீங்களே அந்த ஆப்ஷனைப் போட்டுக்கலாம். உங்க போட்டோவைப் பார்த்து உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒரு சிலந்தி ஆய்வாளர் பெயர் சொல்வார், இன்னொருத்தர் சரி பார்ப்பார், சில நேரம் மறுப்பார். குரூப்ல வர்ற தீர்ப்பு மாதிரி இல்லை, இங்கே காரணம் சொல்லணும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வேணுமா? தாராளமா போடுங்க, லொகேஷன் டேக் மட்டும் வேண்டாம்.

அப்போ என்னதான் பண்ணணும்?

ரொம்ப கம்மி. நாலு போட்டோ, ரெண்டு வரி.

முதல் போட்டோ மேல இருந்து, முழு உடம்பும் தெரியற மாதிரி. ரெண்டாவது, கொஞ்சம் தள்ளி ஒரு பேனாவோ காயினோ அதே ஃப்ரேமில் வர்ற மாதிரி. "உள்ளங்கை சைஸ்" என்பது யார் உள்ளங்கை என்று யாருக்கும் தெரியாது. மூணாவது முகம். சிலந்திக்குப் பொதுவா எட்டுக் கண். அந்தக் கண்கள் எந்த வரிசையில் இருக்கு என்பதே பாதி அடையாளம். முன்னாடி ஹெட்லைட் மாதிரி ரெண்டு பெரிய கண் இருந்தா குதிக்கும் சிலந்தி. நாலாவது, வாய்ப்பு கிடைத்தால் அடிப்பக்கம். ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் மறுபக்கம் போய் எடுங்க. போசிலோதீரியா சிலந்திகள் மேலே இருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கால்களின் அடியில் இருக்கும் பட்டைகளைப் பார்த்துத்தான் பிரிச்சுச் சொல்வாங்க. வலை இருந்தால் அதையும் ஒண்ணு எடுத்துக்கோங்க.

ரெண்டு வரி: எந்த இடம், எந்தத் தேதி, என்ன நேரம், எது மேல உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். பெயர் உடனே கிடைக்கலைன்னாலும் கவலை இல்லை. பல சிலந்திகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் கடைசிப் பெயர் வரைக்கும் போக முடியும். ஆனா உங்க பதிவு அங்கே காத்திருக்கும்.

சின்ன சிலந்தி ரூமுக்குள்ள இருந்தா மேல ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் நோட்டு அட்டையைச் சொருகி, வெளியே கொண்டு போய் விடுங்க. மரத்தில் இருக்கும் பெரிய டேரன்டுலாகிட்ட மட்டும் இந்த வீரம் வேண்டாம். தொடாதீங்க, குச்சியால குத்தாதீங்க. அதன் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை, ஆனா தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தும். பிடிச்சு ரூமுக்குக் கொண்டு வர நினைக்கிற ஆளுக்கு வனத்துறை ஆபீஸ் வாசலும் தெரிய வரும்.

"ப்ளேஸ்மென்ட் சீசன்ல இதெல்லாம் யாருக்குடா நேரம்?" என்று கேட்கும் என் க்ளாஸ்மேட்ஸுக்கு: குரூப்ல 'இது என்னடா'ன்னு போட்டு, வந்த நாற்பது மீம்ஸுக்கு ரிப்ளை பண்ண நேரத்தில் இதை மூணு தடவை பண்ணியிருக்கலாம். "எனக்கு நிஜமாவே பயம்" என்று சொல்றவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். பயம் யாருக்கும் சொல்லிட்டு வராது. நீங்க தள்ளி நின்னு, பயமில்லாத ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க. செருப்போட வர்ற ஃப்ரெண்டை இல்லை, போனோட வர்ற ஃப்ரெண்டை.

ஜூனியர்ஸுக்கு ஒரு கோரிக்கை. நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். நம்ம கேம்பஸுக்குன்னு ஐநேச்சுரலிஸ்டில் ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிங்க. மெஸ் பின்னாடி இருக்கிற வேலியில் இருந்து தொடங்கினாலே போதும். ராத்திரி கிரவுண்டுல டார்ச்சைக் கண் மட்டத்துல பிடிச்சுப் புல்லைப் பாருங்க. குட்டி வைரம் மாதிரி மின்னுறது பலதும் பனித்துளி இல்லை, ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். அடுத்த வருஷம் கொல்லிமலை ட்ரிப் போகும்போது இந்த ஆப்பையும் போன்ல ஏத்திட்டுப் போங்க.

அரக்கோணத்துச் சிலந்திக்கும் காடையாம்பட்டிச் சிலந்திக்கும் லண்டனில் இருந்து பெயர் வந்தது 1899-இல். அப்போ நம்ம சாதாரண மக்கள் கையில் மைக்ராஸ்கோப் இல்லை. இன்னிக்கு ஒவ்வொருத்தர் பாக்கெட்டிலும் கேமரா, ஜி.பி.எஸ்., இன்டர்நெட் மூணும் இருக்கு. இனிமேலும் "இது என்னடா?"விலேயே நின்னா அதுக்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது.